குடமும் கனியும்: பயனளவைக் கொள்கை பற்றி ஒரு திறனாய்வு

சேகரக் கமிட்டிக் கூட்டங்களில் அமர்ந்து பழகிய எந்த ஆயருக்கும் ஒரு சொற்றொடர் நன்கு அறிமுகமானதே. சபையின் கல்லறைத் தோட்டத்தில் தெற்குப் பகுதி ஒரு சாராருக்கு, வடக்குப் பகுதி மற்றொரு சாராருக்கு என்றிருக்கும் ஏற்பாட்டை நீக்க வேண்டும் என ஒருவர் எழுந்து பேசுவார். யாரும் மறுத்துப் பேசமாட்டார். முதிய உறுப்பினர் ஒருவர் மட்டும், “கொள்கை சரிதான் ஐயா, நடைமுறைக்கு ஒத்து வராது” என்று கூறி அமர்வார். தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்படும். இவ்வாறு நிகழ்ந்த ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். வெளியே வரும்போது உடன்வந்த பட்டதாரி இளைஞர் ஒருவர், “இதுதான் ஐயா பிராக்மாட்டிசம்” என்றார்.

அவர் கூறியது தவறு. ஆயினும் முற்றிலும் அவருடைய தவறு அன்று. பயனளவைக் கொள்கை என்று நம் நூல்கள் பெயர்த்துரைக்கும் இம்மெய்யியல், அதைத் தோற்றுவித்தவர்களின் காலத்திலேயே இத்தகைய பொருள் திரிபுக்கு ஆளாயிற்று. அத்திரிபை விலக்கிக் காண்பதும், விலக்கிய பின் எஞ்சி நிற்கும் உண்மையான கொள்கையிடம் நாம் எதைப் பெறலாம், எதைப் பெறலாகாது என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாம். இதற்கு உரைகல்லாக நம் வடதமிழகத்திலேயே கல்லில் பொறித்த ஒரு சான்று உண்டு. அது உத்திரமேரூர்.

முதலில் கொள்கையைச் சுருக்கமாகக் காண்போம். 1870களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் கூடி உரையாடிய சிறு குழுவொன்றில் சார்ல்ஸ் பியர்ஸ் என்பாரின் சிந்தனையில் இது கருக்கொண்டது. 1878ல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், ஒரு கருத்தின் பொருள் இன்னதென்று அறிய வேண்டுமாயின் அக்கருத்து மெய்யெனக் கொண்டால் நடைமுறையில் என்னென்ன விளைவுகள் உண்டாகும் என்று நோக்குக, அவ்விளைவுகளின் தொகுதியே அக்கருத்தின் பொருள் என்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று நம் மாணவர்களுக்குச் சுவையளிக்கும். திருவிருந்தின் அப்பமும் ரசமும் பற்றிக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் வாதிடுகின்றனர். ஆனால் இம்மையிலும் மறுமையிலும் அவற்றால் விளையும் பயன்கள் யாவற்றிலும் இரு சாராரும் உடன்படுவராயின், கருத்து வேறுபாடு உண்டென அவர்கள் எண்ணுவது வீண் என்பது அவர் முடிவு.

பியர்ஸ் கூறியது பொருளைப் பற்றியது. அவருடைய நண்பர் வில்லியம் ஜேம்ஸ் அதனை உண்மையைப் பற்றிய கொள்கையாக விரித்தார். 1907ல் வெளிவந்த அவருடைய ‘பிராக்மாட்டிசம்’ என்னும் நூலில், ஒரு நம்பிக்கை வாழ்வில் செயல்பட்டு நன்மை தருமாயின் அந்த அளவிற்கு அது உண்மை என்னும் கருத்து இடம் பெற்றது. இது பியர்சுக்கு உவப்பாக இல்லை. 1905லேயே அவர் தம் கொள்கைக்கு வேறொரு பெயர் சூட்டி, இப்பெயர் யாரும் திருட விரும்பாத அளவு அழகற்றது என்று வேடிக்கையாக எழுதினார். தாம் பெற்ற பிள்ளைக்கே வேறு பெயரிட நேர்ந்த மெய்யியலாளர் அவர்.

ஜேம்சின் மீது தொடுக்கப்பட்ட மறுப்புகளுள் பெர்ட்ரண்ட் ரசலின் மறுப்பு புகழ் பெற்றது. கிறிஸ்துமஸ் தாத்தா இருக்கிறார் என்னும் நம்பிக்கை குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தருகிறது, ஆகவே அது உண்மையா என்று அவர் வினவினார். இம்மறுப்பு கூர்மையானது. எனினும் நமக்கு வேண்டிய மறுப்பு இதுவன்று. ஜேம்ஸ் 1902ல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில், ஓர் அனுபவத்தை அதன் வேரால் மதிப்பிடாமல் கனியால் மதிப்பிடுக என்று, மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் சாயல் தோன்ற எழுதினார். நம் கேள்வி இங்கேதான் எழுகிறது. கனியால் மரத்தை அறிக என்பது சரி. அக்கனியை உண்பவர் யார்? மரத்திற்கு நீர் சுமந்தவர் உண்டாரா? சுவைத்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு?

உத்திரமேரூருக்கு வருவோம். ஊரின் நடுவே உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனுடைய 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளின், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளின் இரு கல்வெட்டுகள் உள்ளன. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவை விதிக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டாக்கிக் குடத்தில் இட்டனர். இளையோர் முதியோர் உட்படச் சபை முழுவதும் கூடியிருக்க, முதிய நம்பி ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிக்க, உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அதனை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுத்தான். அவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று வாசித்தான். விரலை ஏன் விரிக்க வேண்டும் என்பதைச் சீட்டு விளையாடியவர் அறிவர். இவ்வாறு தெரிந்தெடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாட்களுக்கு மட்டுமே.

அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தில் மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொண்ட செய்தி நமக்கு நினைவு வரும். இரு நிகழ்ச்சிகளிலும் மனித சூழ்ச்சிக்கு இடம் தராத ஒரு முறை நாடப்படுகிறது. ஆனால் எருசலேமில் அது ஒருமுறை நிகழ்ந்து முடிந்தது. உத்திரமேரூரில் அது ஆண்டுதோறும் திரும்ப நிகழ்வதாகவும், திருத்தத்தக்கதாகவும் அமைந்தது. நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி இதுவே: 919ல் ஒரு விதி செய்த சபை, இரண்டே ஆண்டுகளில் அரச அதிகாரி முன்னிலையில் மறுபடி கூடி அதனைத் திருத்தி விரித்தது. முதல் விதியில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. தகுதியின்மைகளின் பட்டியலும் நீண்டது. விதியை வானிலிருந்து இறங்கியதாகக் கொள்ளாமல், செய்து பார்த்துக் குறை கண்டு திருத்தும் கருவியாகக் கொண்ட மனப்பாங்கு இது. ஜான் டூயி இதனைக் கண்டிருப்பின் தம் நூல்களில் ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்த்திருப்பார் என்றே எண்ணுகிறேன்.

தகுதியின்மைகளுள் தலையாயது கணக்குக் காட்டாமை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று, அவனுடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என உறவுப் பட்டியல் நீளுகிறது. இவர்கள் எவர் பெயரும் குடத்தில் புகலாகாது. ஆயர்கள் கூடிய வகுப்பொன்றில் இப்பட்டியலை வாசித்தேன். முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு அமைதி நிலவியது.

இனி மறுபக்கம். குடத்தில் பெயர் புகுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். மந்திர பிராமணம் ஓதுவிக்க அறிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷியமும் வல்லவராயின் அரைக்கால் வேலி போதும். ஊரோ பிரமதேயம். பெண்களுக்கு இடமில்லை. நிலமற்றோர்க்கு இடமில்லை. ஏரி வாரியத்தார் அறுவர் கல்லில் உள்ளனர். ஆனால் பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகத்தில் வண்டலை வாரிக் கரையை உயர்த்திய கைகள் அக்கல்வெட்டில் இல்லை. இந்நூற்றாண்டிற்குச் சற்றுப் பின்வந்த இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்கள் காணப்படுகின்றன என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ண வேண்டும். நீலகண்ட சாஸ்திரியார் 1932ல் சோழர் ஆட்சிமுறை பற்றி வெளியிட்ட ஆய்வு நூலில் உத்திரமேரூருக்கு விரிவான இடம் தந்தார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவிலும் பிரதமர் இதனைக் குறிப்பிட்டார். பெருமை பேசுவோர் குடத்தைக் காண்கின்றனர். குடத்திற்கு வெளியே நின்றவரைக் காண்பது அரிதாகிறது.

ஆகவே உத்திரமேரூர் முறை பயன் தந்ததா என்ற வினாவுக்கு, உள்ளே இருந்தோர்க்குத் தந்தது என்பதே விடை. விளைவைக் கொண்டு அளப்பது எளிது. எவருக்கு விளைந்ததென்பதை அளவைக்குள் கொணர்வது அரிது. இக்குறையை டூயி அறியாதவர் அல்லர். 1916ல் வெளிவந்த ‘ஜனநாயகமும் கல்வியும்’ என்னும் நூலில் ஒரு சமூகத்தை மதிப்பிட இரு அளவைகள் தருகிறார். உறுப்பினர் பகிர்ந்துகொள்ளும் நலன்கள் எத்தனை, எவ்வளவு பல்வகைப்பட்டவை என்பது ஒன்று. பிற குழுக்களோடு அச்சமூகம் எவ்வளவு தடையின்றி உறவாடுகிறது என்பது மற்றொன்று. திருடர் கூட்டத்திலும் பகிர்ந்துகொள்ளும் நலன் உண்டு. ஆனால் இரண்டாம் அளவையில் அது தோற்றுவிடும். உத்திரமேரூர்ச் சபைக்கு முதல் அளவையில் நல்ல மதிப்பெண் கிடைக்கும். இரண்டாவதில் கிடைக்காது.

இவ்விரு அளவைகளை இந்தியாவிற்குக் கொணர்ந்தவர் அம்பேத்கர். 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பயின்றபோது அவர் டூயியின் மாணவர். 1936ல் லாகூர் மாநாட்டிற்கென எழுதப்பட்டு, பேச இயலாமல் அச்சில் வெளிவந்த சாதி ஒழிப்பு உரையில் டூயியைத் தம் ஆசிரியர் என்றே குறிப்பிடுகிறார். ஜனநாயகம் ஓர் ஆட்சிமுறை மட்டுமன்று, கூடி வாழ்ந்து அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கைமுறை என்னும் கருத்து டூயியிடமிருந்து அவர் பெற்றது. சமயத்தை விதிகளின் தொகுதி, நெறிகளின் தொகுதி எனப் பிரித்து, விதிகளின் சமயம் மறைய வேண்டும், நெறிகளின் சமயம் வேண்டும் என அவர் வாதிடுவதிலும் டூயியின் அறவியல் எதிரொலிக்கிறது. 1952 ஜூனில் கொலம்பியா அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர், அம்மாதம் முதல் தேதியன்று, டூயி காலமாகிவிட்டார். அண்மைக்காலத்தில், 2023ல், ஸ்காட் ஸ்ட்ரவுட் இவ்வுறவைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியுள்ளார்.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இவ்விரு பார்வைகளும் எதிரெதிர் நின்றன. அம்பேத்கர் மாதத் தொடக்கத்தில் இந்தியக் கிராமத்தை அறியாமையின் குகையென்னும் பொருளில் கடுமையாகச் சாடினார். அம்மாதப் பிற்பகுதியில் பஞ்சாயத்து பற்றிய விதி விவாதத்திற்கு வந்தபோது டி. பிரகாசம் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சான்றாகக் காட்டினார். பஞ்சாயத்து விதி 40ஆம் பிரிவாக நிலைபெற்றது. பிரகாசத்தின் பெருமிதத்தை நான் எள்ளவில்லை. குடவோலை மெய்யான சாதனையே. ஆனால் குடத்தின் வாயில் யார் கை நுழையும் என்ற வினாவை எழுப்பியவர் அம்பேத்கர். அதற்கான விடை 50 ஆண்டுகள் கழித்தும் கிடைத்தபாடில்லை. 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 1996ல் ஊராட்சித் தேர்தல் வந்தபோது, மதுரை மாவட்டப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊர்களில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டதால் 2006 வரை முறையான தேர்தல் நடைபெற இயலவில்லை. 1997ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் கொலையுண்டார். சட்டம் இருந்தது, வாக்குச் சீட்டும் இருந்தது. டூயி பழக்கம் என்று பெயரிட்டு வலியுறுத்திய அந்த ஆழ்ந்த சமூக இயல்பு மாறவில்லை.

இங்கே டூயியின் குறையும் புலப்படுகிறது. அறிவும் கல்வியும் பரவப் பரவ மனிதர் தம் பழக்கங்களைத் திருத்திக்கொள்வர் என்று அவர் பெரிதும் நம்பினார். ரைன்ஹோல்ட் நீபூர் 1932ல், ஒழுக்கமுள்ள மனிதனையும் ஒழுக்கமற்ற சமுதாயத்தையும் பற்றிய தம் நூலில் இந்நம்பிக்கையைத் தாக்கினார். ஆதிக்கம் செலுத்துவோர் அறியாமையால் மட்டும் அநீதி செய்வதில்லை, தன்னலத்தால் செய்கின்றனர், அறிவு அத்தன்னலத்தின் ஏவலாளாகிவிடும் என்றார். பாவம் என்னும் பழைய சொல்லை அவர் மெய்யியலாளர் முன் வைத்தார். அம்பேத்கர் அச்சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஆனால் ஆசிரியரின் பொறுமையை மட்டும் நம்பியிராமல் சட்டம், அரசியல் உரிமை, ஈற்றில் 1956ல் மதமாற்றம் என்னும் கருவிகளை நாடியதில் அவரும் அதே உண்மையை உணர்ந்திருந்தார் எனலாம்.

நம் திருச்சபை வரலாற்றில் பயனளவை எவ்வாறு பயன்பட்டது? 1850ல் சென்னையில் கூடிய மிஷனெரிமாரின் மாநாடு, சாதியை விட்டேன் என்று கூறும் விசுவாசி பிற சாதியாருடன் உணவுண்ண மறுப்பானாயின் அவன் விட்டதாகக் கொள்ளலாகாது எனத் தீர்மானித்தது. ஒரு நம்பிக்கையின் பொருள் அதன் செயல் விளைவே என்று பியர்ஸ் எழுதுவதற்கு 28 ஆண்டுகள் முன்பே சென்னையில் இவ்வளவை நடைமுறைக்கு வந்துவிட்டது! லைப்சிக் மிஷனார் இதில் சேரவில்லை. திருக்குறளை மொழிபெயர்த்த தமிழறிஞர் கார்ல் கிரால் அம்மிஷனின் தலைவர். சாதி சமுதாய ஏற்பாடு, நற்செய்தியின் புளிப்பு மெல்ல அதனைக் கரைக்கும், வற்புறுத்தலாகாது என்பது அவர் வாதம். எது நடைமுறைக்கு ஒத்தது? மாநாட்டாரின் முறையிலும் குறையுண்டு. தேர்வுக்காக ஒருநாள் உண்ட உணவு பழக்கமாகிவிடாது. வெளிநாட்டார் வைத்த தேர்வு என்ற கசப்பும் சேரும். ஆயினும் மெல்லக் கரையும் என்று காத்திருந்த நூற்றெழுபது ஆண்டுகளின் முடிவைக் கல்லறைத் தோட்டத்தில் காண்கிறோம்.

20ஆம் நூற்றாண்டில் இதே வாதம் வேறு உடை உடுத்தி வந்தது. இந்தியாவில் பிறந்து இங்கேயே மிஷனெரியாயிருந்த டொனால்ட் மெக்கவ்ரன் 1955லும் 1970லும் வெளியிட்ட நூல்களில், மக்கள் தம் இன, மொழி, வகுப்பு எல்லைகளைத் தாண்டாமல் கிறிஸ்தவராக விரும்புகின்றனர், ஆதலின் அவ்வெல்லைகளுக்குள்ளேயே சபைகளை வளர்ப்பது பலனளிக்கும் என்றார். எண்ணிக்கை உயரும் என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் பவுல் 1 கொரிந்தியர் 11ல் கையாளும் அளவை வேறு. ஒருவன் பசியாயிருக்க ஒருவன் நிறைந்திருக்கும் பந்தியை அவர் வருகைப் பதிவேட்டைக் கொண்டு மதிப்பிடவில்லை. அது கர்த்தரின் பந்தியே அன்று என்கிறார். பியர்சின் எடுத்துக்காட்டு இங்கே தன் முழுப் பொருளையும் பெறுகிறது. அப்பமும் ரசமும் இன்னதென்ற கோட்பாட்டில் ஒன்றுபட்டு, கிண்ணத்தை அணுகும் வரிசையில் வேறுபடும் சபையார் உண்மையில் எதை நம்புகின்றனர்?

மறு எடுத்துக்காட்டு நம் மாவட்டத்திலேயே உண்டு. 1891ல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் டிரெமன்ஹீர் அங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். கடனடிமை, குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்மை ஆகியவற்றை அது வெளிப்படுத்திற்று. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் அம்மக்களுக்காக வாதாடினர். 1892ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் அழைப்பது அதுவே. மனிதர் யாவரும் கடவுளின் சாயல் என்னும் கோட்பாட்டின் பொருளை அவர்கள் ஏக்கர் கணக்கில் எழுதினர். அந்நிலத்தில் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்குச் சென்றது. 1994ல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் அதனை மீட்க எழுந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டனர். விளைவைக் கணக்கிடுவோர் எந்த ஆண்டில் நின்று கணக்கிடுவது?

காலம் பற்றிய இவ்வினா பயனளவைக் கொள்கையின் ஆழ்ந்த இடரைத் தொடுகிறது. நடபடிகள் 5ல் கமாலியேல் ஆலோசனை சங்கத்தாருக்குக் கூறிய அளவை, மனிதரால் ஆனது அழியும், தேவனால் ஆனது நிலைக்கும் என்பது. பல பிரசங்கங்களில் இதனை நாம் புகழ்ந்துரைக்கிறோம். ஆனால் இவ்வளவையைச் சாதிக்குப் பொருத்திப் பாருங்கள். 2000 ஆண்டுகள் நிலைத்துள்ளதே, அது தேவனால் ஆனதா? நிலைபேறு உண்மைக்குச் சான்றாகாது. சிலுவை அமைந்த வெள்ளிக்கிழமை மாலையில் கனி என்று காட்ட ஒன்றுமில்லை. கோதுமை மணி நிலத்தில் விழுந்து கிடந்த வேளை அது. அந்நேரத்தில் எருசலேமில் பயனளவைவாதி ஒருவர் இருந்திருப்பின் பிலாத்துவின் ஆட்சி நன்கு செயல்படுகிறது என்றே எழுதியிருப்பார்.

2007ல் மறைந்த ரிச்சர்ட் ரோர்ட்டி இக்கொள்கையை நம் காலத்தில் மீண்டும் உயிர்ப்பித்தவர். உண்மைக்கு நமக்கு அப்பால் ஓர் ஆதாரம் தேடற்க, நம் சமூகத்தாரின் ஒருமைப்பாடே போதும் என்பது அவர் நிலை. ‘நாம்’ என்பதில் யார் அடங்குவர் என்ற வினாவிற்கு, அவ்வட்டத்தை விரித்துக்கொண்டே செல்வோம் என்பது அவர் விடை. நல்லெண்ணமுள்ள விடைதான். வட்டத்திற்கு வெளியே இருப்பவன் அதுவரை எந்த உண்மையைப் பற்றிக்கொண்டு முறையிடுவான் என்பதற்கு அதில் பதில் இல்லை. கார்னல் வெஸ்ட் 1989ல் எழுதிய நூலில் இக்கொள்கையைத் தீர்க்கதரிசிகளின் மரபோடு இணைக்க முயன்றது இக்குறையை உணர்ந்தே. நம்மிடையே அர்விந்த் நிர்மல் 1980களில் தொடங்கிய தலித் இறையியலும், அரசரடியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு ஒரே உலை என்று பேசிய பந்தியின் இறையியலும், நம்பிக்கையைச் செயலில் சோதிக்கும் இம்முறையை ஏற்றன. ஆனால் சோதிப்பவன் யார் என்பதை மாற்றின. உலையில் கஞ்சி பொங்கியதா என்பதைப் பசித்தவனிடம் கேட்டன.

கமாலியேலின் பாதத்தருகே பயின்ற சவுல் தமஸ்கு வழியில் நிலைகுலைந்தது, தன் ஆசானின் அளவையின்படி கணக்கிட்டுப் பார்த்ததால் அன்று. அவன் துன்புறுத்திய சபையின் சார்பில் ஒரு குரல் அவனைப் பெயர் சொல்லி அழைத்து, ஏன் என்று கேட்டது. அக்கேள்விக்கு அவனிடம் விடையில்லை. அதன் பின்னரே எருசலேம் ஆலோசனைக் கூட்டமும், நடபடிகள் 15ல் நாம் வாசிக்கும் நடைமுறைத் தீர்வுகளும் வருகின்றன. அங்கே பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் கண்ட அனுபவத்தைச் சான்றாக்கி ஒரு பழைய விதியைத் திருத்துமாறு வாதாடுகிறார். 919ல் செய்த விதியை 921ல் திருத்திய சபையாருக்கும் அவர்களுக்கும் முறையில் வேறுபாடு அதிகமில்லை. எருசலேமில் திருத்தத்திற்குக் காரணமானவர் குடத்திற்கு வெளியே நின்ற புறஜாதியார்.

நான் முதலில் கூறிய கல்லறைத் தோட்டத் தீர்மானம் அதன்பின் மூன்று கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலில் இடம் பெற்றது. நடைமுறைக்கு ஒத்து வராது என்று கூறிய பெரியவரை நான் தனியே சந்தித்து, யாருடைய நடைமுறைக்கு ஐயா என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. தோட்டத்தின் வடக்குப் பக்கத்து வேலி மழையில் சாய்ந்து கிடப்பதாகவும், அதை மறுபடி நடுவதற்குக் கமிட்டி இன்னும் பணம் ஒதுக்கவில்லை என்றும் கூறினார்.